பெட்டியில் ஆயிரம், தோப்பில் அறுநூற்றுச் சொச்சம்

ஏர் ரைஃபிள் விற்கிற எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். பெட்டி மேல் துப்பாக்கிப் படத்துக்குப் போட்டியாக ஒரு எண் இருக்கும். 800, 1000, 1200... பக்கத்தில் பொடி எழுத்தில் எஃப்.பி.எஸ். அதாவது குண்டு வினாடிக்கு இத்தனை அடி வேகத்தில் போகுமாம்.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த எண் ஒரு ஏமாற்று வேலை. முழுப் பொய்யாக இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை, கையும் களவுமாகப் பிடித்துவிடலாம். இது பாதி உண்மை. எந்தக் குண்டைப் போட்டால் அந்த வேகம் என்று சொல்லாமல் விட்ட உண்மை.

"பரீட்சை நேரத்துல நமக்கெதுக்குப்பா துப்பாக்கி?" என்று நகரப் பார்க்கிற மக்களே, கொஞ்சம் நில்லுங்கள். இதில் கொஞ்சம் கணக்கு வரும், கொஞ்சம் சட்டம் வரும், கடைசியில் ஒரு பையனுடைய புருவத்தில் தையலும் வரும். துப்பாக்கி வாங்காதவர்களும் படிக்கலாம்.

முதலில் ஒரு சின்ன கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன். மெரினாவில் பலூன் சுட்ட காலத்திலிருந்தே எனக்கு இந்தத் துப்பாக்கி மேல் ஒரு கிறுக்கு. அந்தப் பலகையில் கலர் கலராகப் பலூன், கையில் குழல் வளைந்து போன ஒரு பழைய துப்பாக்கி. இடதுபக்கம் குறி வைத்தால் வலதுபக்கப் பலூன் வெடிக்கும். என்றைக்காவது நேராகச் சுடுகிற ஒன்றை வாங்கி, காகிதத்தில் வட்டம் வரைந்து, நடுப்புள்ளியில் அடிக்க வேண்டும் என்று அப்போதே முடிவு பண்ணிவிட்டேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துச் சேர்த்த காசு பன்னிரண்டாயிரத்தைத் தாண்டியதும் கடைக்குப் போய் நின்றேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் கேட்டது, பத்து மீட்டரில் ஒரே இடத்தில் அடிக்கிற துப்பாக்கி. அவர் எடுத்துப் போட்டது, இருக்கிறதிலேயே பெரிய எண் போட்ட பெட்டி.

"தம்பி, இது ஆயிரம். அது எழுநூறுதான். நீங்களே பாத்துக்குங்க."

"ஆயிரம்னா என்னங்க?"

"பவர் தம்பி. நிஜத் துப்பாக்கி வேகம்."

"எந்தக் குண்டு போட்டாங்க ஆயிரம் வரும்?"

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! இட்லிக் கடையில் போய் உளுந்து எந்த ஊருடையது என்று கேட்டால் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி. "எந்தக் குண்டு போட்டாலும் ஆயிரம்தான் தம்பி" என்றார். நானும் பி.காம். படிக்கிறவன்தானே, ஆயிரம் எழுநூறைவிடப் பெரிது என்கிற அளவுக்குக் கணக்கு தெரியும். வாங்கிவிட்டேன்.

ஊரில் சித்தப்பாவின் தென்னந்தோப்பில் வைத்து முதல் நாள் சுட்டுப் பார்த்தோம். முதல் சில குண்டுகள் பயங்கர அமர்க்களம். 'டப்' என்று பெரிய சத்தம், குழலிலிருந்து லேசான புகை, எண்ணெய் கருகின வாசனை. "அண்ணே, ஆயிரம் அண்ணே!" என்று சித்தப்பா பையன் குதித்தான். பெயர் வேண்டாம், தம்பி என்றே வைத்துக்கொள்வோம். ப்ளஸ் ஒன் படிக்கிறான்.

ஐம்பது அறுபது குண்டு போனதும் புகை நின்றது. சத்தம் பாதியானது. முதலில் தகர டப்பாவின் இரண்டு பக்கமும் துளைத்துக்கொண்டு போன குண்டு, இப்போது முதல் பக்கத்தைத் துளைத்துவிட்டு உள்ளேயே விழுந்து கிடந்தது. டப்பாவை ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம். தம்பியின் முகம் சுருங்கிவிட்டது. எனக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கண்முன்னால் வந்து போனது.

சரி, சந்தேகத்தோடு திட்டக் கூடாது, அளந்துவிட்டுத் திட்டுவோம் என்று முடிவு செய்தேன். வேகம் அளக்கிற கருவி வாங்க வழியில்லை. விடுதியில் பக்கத்து அறை நண்பன் இயற்பியல் படிக்கிறான். "இதுக்கு எதுக்குடா கருவி, ஒரு டப்பா, களிமண், ரெண்டு கயிறு போதும்" என்றான். நூறு வருஷத்துக்கும் மேல் பழைய முறைதான், ப்ளஸ் டூ புத்தகம் படித்தவர்களுக்குப் புரியும். களிமண் நிரப்பின டப்பாவைக் கயிற்றில் தொங்கவிட வேண்டும். குண்டு வந்து களிமண்ணில் புதையும். புதைந்ததும் டப்பா பின்னால் ஊசலாடும். எவ்வளவு தூரம் ஆடியது என்பதை வைத்துக் குண்டின் வேகத்தைக் கணக்குப் போட்டுவிடலாம்.

எங்கள் டப்பா களிமண்ணோடு சேர்த்து 510 கிராம். நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பார்த்த குண்டு 0.51 கிராம். அதாவது டப்பா குண்டைப்போல ஆயிரம் மடங்கு. கணக்குக்கு வசதியாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே களிமண்ணைக் கூட்டிக் குறைத்து வைத்தோம். கயிறு 2 மீட்டர். துப்பாக்கியிலிருந்து வருகிற காற்றும் டப்பாவைத் தள்ளிவிடும் என்பதால் நடுவில் துளை போட்ட அட்டை ஒன்றை மறைப்பாக வைத்தோம். டப்பாவுக்குப் பின்னால் ஒரு ஸ்கேல், அதன்மேல் டப்பா தள்ளிக்கொண்டு போக ஒரு துண்டுக் காகிதம். சுட்டதும் காகிதம் எங்கே நிற்கிறதோ அதுதான் கணக்கு. ஒவ்வொரு முறையும் குண்டை நோண்டி எடுத்துவிட்டு, களிமண்ணைச் சமப்படுத்தி, மறுபடி சுட்டோம்.

பெட்டியில் போட்டபடி ஆயிரம் அடி, அதாவது வினாடிக்கு 305 மீட்டர் வேகம் என்றால், டப்பா கிட்டத்தட்ட 14 சென்டிமீட்டர் பின்னால் போயிருக்க வேண்டும்.

பத்து முறை சுட்டோம். குறைந்தது 9, அதிகம் 9.5. சராசரி 9.25 சென்டிமீட்டர்.

கணக்குப் போட்டால் வினாடிக்கு 205 மீட்டர். அடியில் சொன்னால் 672. ஆயிரத்தில் மூன்றில் ஒரு பங்கு காணோம். எங்கள் களிமண் டப்பா சோதனைச்சாலைக் கருவி இல்லை, ஒப்புக்கொள்கிறேன். முன்னே பின்னே பத்து இருபது அடி வித்தியாசம் இருக்கலாம். ஆனால் முந்நூற்றுச் சொச்சம் அடியைக் களிமண் விழுங்கிவிடாது.

நிற்க. இதுவரை சொன்னது வெறும் புலம்பல். "வாங்கினே, ஏமாந்தே, போய்த் தூங்கு" என்று சொல்லிவிடலாம். இனிமேல்தான் மேட்டரே.

நம் நாட்டில் ஏர் ரைஃபிளுக்கு உரிமம் வேண்டுமா வேண்டாமா என்பதை 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் சொல்கின்றன. குழலின் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு மேலே போனாலோ, குண்டு வெளியே வரும்போது அதன் ஆற்றல் 20 ஜூலுக்கு மேலே போனாலோ, உரிமம் வேண்டும். இரண்டுக்கும் உள்ளே இருந்தால் வேண்டாம். கவனியுங்கள், சட்டம் வேகத்தைப் பற்றிப் பேசவே இல்லை. ஆற்றலைப் பற்றிப் பேசுகிறது.

ஆற்றல் என்றால் எடையில் பாதியை எடுத்து, வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, இரண்டையும் பெருக்குவது. 0.51 கிராம் குண்டு, பெட்டி சொல்கிற 305 மீட்டர் வேகம். போட்டுப் பாருங்கள். 23.7 ஜூல் வருகிறது.

அதாவது பெட்டி சொல்வது உண்மையென்றால், சாதாரண ஈயக் குண்டு போட்ட அந்தத் துப்பாக்கி உரிமம் வேண்டிய ஆயுதம். அதை எனக்கு உரிமம் கேட்காமல் விற்றது குற்றம். விற்றது குற்றமில்லை என்றால், பெட்டி சொல்வது உண்மையில்லை. இரண்டில் ஒன்றை அவர்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை :-)

இன்னும் கொஞ்சம் லேசான 0.45 கிராம் குண்டு போட்டாலும் ஆயிரம் அடியில் 20.9 ஜூல். அப்போதும் கோட்டைத் தாண்டித்தான் நிற்கிறது.

நாங்கள் அளந்த 205 மீட்டரில் கிடைக்கிற ஆற்றல் எவ்வளவு தெரியுமா? 10.7 ஜூல். வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான் குறைந்தது, ஆற்றலில் பாதிக்கு மேல் போய்விட்டது. வேகம் இரண்டு முறை பெருக்கப்படுவதால் வரும் வினை இது. பெட்டியில் 1000 என்று போட்டு 672 கொடுப்பவர்கள், ஒரு கிலோ என்று சொல்லி 450 கிராம் நிறுத்துக் கொடுக்கிற கடைக்காரருக்குச் சமம்.

அப்போ அந்த ஆயிரம் எங்கிருந்து வந்தது? அதற்கு மூன்று வழி உண்டு.

முதல் வழி, குண்டை லேசாக்குவது. ஈயம் இல்லாமல் வேறு உலோகக் கலவையில் செய்த குண்டுகள் இருக்கின்றன. சில 0.34 கிராம்தான் எடை. கிரிக்கெட் பந்தை எறிகிற அதே கை டேபிள் டென்னிஸ் பந்தை எறிந்தால், கையைவிட்டுப் போகும்போது வேகமாகத்தான் போகும். பத்தடி தாண்டினதும் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். எங்கள் துப்பாக்கியின் அதே 10.7 ஜூலை இந்த லேசான குண்டுக்குக் கொடுத்தால்கூட சுமார் 820 அடி வேகம்தான் வரும். இன்னும் 180 அடி பாக்கி.

இரண்டாவது வழி, எண்ணெய். இந்த வகைத் துப்பாக்கியில் ஸ்பிரிங்கை அழுத்தி வைக்கிறோம். குதிரையை இழுத்ததும் பிஸ்டன் முன்னால் பாய்ந்து காற்றைக் கணநேரத்தில் நசுக்குகிறது. நசுங்கின காற்று பயங்கரச் சூடாகும். புதுத் துப்பாக்கிக்குள் மிச்சமிருக்கிற எண்ணெய் அந்தச் சூட்டில் பற்றிக்கொள்கிறது. டீசல் இன்ஜின் வேலை செய்வது இப்படித்தான். அந்தச் சின்ன வெடிப்பு குண்டுக்குக் கூடுதல் வேகம் கொடுக்கும். முதல் நாள் எங்களுக்கு வந்த புகை, வாசனை, தம்பியின் குதியாட்டம் எல்லாம் அதன் உபயம். எண்ணெய் தீர்ந்ததும் வேஷம் கலைந்தது. அந்த நேரத்தில் அளந்து வைத்த வேகம் துப்பாக்கியுடையது இல்லை, எண்ணெயுடையது. வேண்டுமென்றே எண்ணெய் விட்டுச் சுடுகிற புத்திசாலிகளும் இருக்கிறார்கள். பிஸ்டனின் சீல் சீக்கிரமே போய்விடும், அவ்வளவுதான் லாபம்.

மூன்றாவது வழி, இரண்டெழுத்து. 'வரை'. ஆயிரம் அடி *வரை*. ஆடித் தள்ளுபடியில் 'ஐம்பது சதவீதம் வரை' என்று போர்டு வைத்திருப்பார்களே, உள்ளே போனால் ஒரே ஒரு பழைய லுங்கிக்கு மட்டும் ஐம்பது சதவீதம் இருக்கும். அதே 'வரை'தான்.

போதாக்குறைக்கு அளவையே அடியில் போடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் மீட்டரில் படித்தவர்கள் நாம். 305 மீட்டர் என்றால் யாரும் வாயைப் பிளக்க மாட்டார்கள். 1000 என்றால் மூன்று சைபர் இருக்கிறதே!

"நிஜத் துப்பாக்கி வேகம்" என்று கடைக்காரர் சொன்னாரே, அதையும் ஒரு கை பார்த்துவிடுவோம். நிஜத் துப்பாக்கிகளிலேயே பொடியன் .22 தோட்டா. குண்டு சுமார் 2.6 கிராம், வேகம் வினாடிக்கு 330 மீட்டர் சுற்றி. ஆற்றல் 140 ஜூல் பக்கம் வரும். பெட்டியின் ஆயிரம் அடியை அப்படியே நம்பினாலும் வேகம் கிட்டத்தட்ட அதேதான். ஆற்றலில் ஆறில் ஒரு பங்குதான். எங்கள் 10.7 ஜூலோடு ஒப்பிட்டால் பதிமூன்றில் ஒரு பங்கு. ஆட்டோவும் அறுபதில் போகிறது, மணல் லாரியும் அறுபதில் போகிறது. எது வந்து மோதினால் என்ன ஆகும் என்று கேட்டால் ஸ்பீடாமீட்டரைக் காட்டுவீர்களா?

எங்கள் பாடத்தில் சொன்னால், எடை இல்லாத வேகம் என்பது அளவு சொல்லாத விலை மாதிரி. "நாற்பது ரூபாய்" என்று மட்டும் ஒரு பாக்கெட்டில் போட்டு, உள்ளே எத்தனை கிராம் என்று போடாமல் விற்க முடியுமா? முடியாது. பொட்டலப் பொருட்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகளின்படி நிகர எடை அச்சிட்டே ஆக வேண்டும். பத்து ரூபாய் பிஸ்கட்டுக்கு இருக்கிற மரியாதை பன்னிரண்டாயிரம் ரூபாய்த் துப்பாக்கிக்கு இல்லை.

இதைச் சொன்னதும் வகுப்பில் பசங்க எடுத்துவிட்ட வாதங்களுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

"பைக் மைலேஜும் இப்படித்தானே? சொல்வது அறுபது, கிடைப்பது நாற்பத்தைந்து." சரி. ஆனால் பைக்குகளை ஒரே மாதிரியான சோதனை நிலையில் ஓட்டி அளக்கிறார்கள். நம் ரோட்டில் அந்த மைலேஜ் கிடைக்காமல் போகலாம், ஆனால் அறுபது போட்ட வண்டிக்கும் ஐம்பது போட்ட வண்டிக்கும் உள்ள வித்தியாசம் ஓரளவு நிஜம். இங்கே ஒரு கம்பெனி லேசான குண்டு போட்டு அளக்கும், இன்னொன்று கனமான குண்டு போட்டு அளக்கும், இரண்டும் குண்டின் எடையைச் சொல்லாது. அப்புறம் எதை எதோடு ஒப்பிடுவது? நேர்மையாக ஈயக் குண்டு போட்டு அளந்து 'எழுநூறு' என்று அச்சிட்டவன் பெட்டி, கடை அலமாரியில் தூசி படிந்து கிடக்கும். நானே அவனைத்தானே தள்ளிவிட்டு ஆயிரத்தை வாங்கினேன்! ஏமாற்றுபவன் என்னை மட்டும் ஏமாற்றவில்லை, நேர்மையாக விற்பவன் வயிற்றிலும் அடிக்கிறான்.

"வேகம் குறைஞ்சா உனக்கென்னடா, காகிதத்துலதானே சுடப்போற?" இது நல்ல கேள்வி. ஆமாம், எனக்கு அந்த வேகம் தேவையே இல்லை. அதுதான் இந்தக் கூத்தின் உச்சம். 2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது பத்து மீட்டர் ஏர் ரைஃபிளில். ஒலிம்பிக்கில் இந்தியருக்குக் கிடைத்த முதல் தனிநபர் தங்கம் அது. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019இல் உலகக் கோப்பைத் தங்கம் வாங்கியதும் அதே பிரிவில்தான். அந்தப் போட்டித் துப்பாக்கிகளின் வேகம் வினாடிக்கு 170, 175 மீட்டர் பக்கம். அடியில் 570 சுற்றி. ஆயிரமும் இல்லை, எழுநூறும் இல்லை. அந்த வேகத்தில் பத்து மீட்டர் தாண்டி அவர்கள் குறி வைக்கும் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். பேனா முனையால் வைத்த புள்ளி அளவு.

அப்புறம் 1200 என்று போடுகிறார்களே, அது 366 மீட்டர். காற்றில் ஒலியின் வேகமே சுமார் 343 மீட்டர்தான். 1200 உண்மையென்றால் ஒவ்வொரு முறை சுடும்போதும் சாட்டையைச் சொடுக்கின மாதிரி ஒரு வெடிச்சத்தம் கேட்க வேண்டும். ஒலியின் வேகத்தைத் தாண்டிப் போய் மறுபடி அதற்குக் கீழே இறங்குகிற குண்டு தடுமாறும், குறி சிதறும். இறகுப்பந்து மாதிரி இடுப்பு சிறுத்த குண்டு இது, காற்றில் வேகத்தைச் சீக்கிரம் இழக்கிறது. ஆக, கேட்டவனுக்குத் தேவைப்படாத ஒன்றை, இல்லாத ஒன்றை, இருந்தாலும் கெடுதல் செய்கிற ஒன்றைச் சொல்லி விற்கிறார்கள்.

"அதனால யாருக்கு என்ன நஷ்டம்?" இதற்குத்தான் வருகிறேன்.

ஆயிரம் என்று நம்பி வாங்கி, அது இல்லை என்று தெரிந்ததும் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? மூன்று விதம். ஒருத்தர் ஸ்பிரிங்கை மாற்றுகிறார். இன்னும் தடித்த ஸ்பிரிங் போட்டு, பெட்டியில் போட்ட ஆயிரத்தை எப்படியாவது வரவழைத்தே தீருவது என்று கிளம்புகிறார். துப்பாக்கி அதிர்கிறது, உதைக்கிறது, குறி போகிறது. வந்த வேகம் எவ்வளவு என்று அளக்கவும் அவரிடம் ஒன்றுமில்லை. 20 ஜூலைத் தாண்டிவிட்டால் அவர் வீட்டில் இருப்பது உரிமம் இல்லாத ஆயுதம். அது அவருக்கே தெரியாது.

இன்னொருத்தர் 'பவர்' இருக்கிறதா என்று மைனா மேலும் புறா மேலும் சோதித்துப் பார்க்கிறார். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மைனாவைச் சுடுவது குற்றம் என்பது ஒரு பக்கம். பெட்டி சொன்ன ஆற்றல் இல்லாததால் அது உடனே சாகாது, குண்டோடு பறந்து போய் எங்கோ ஒரு புதரில் கிடந்து சாகும் என்பது இன்னொரு பக்கம்.

மூன்றாவது விதம் நான். நான் செய்ததுதான் மூன்றிலும் சாதாரணமானது, அதனால்தான் எழுதுகிறேன். களிமண் டப்பாக் கணக்கை முடித்த கையோடு ஊருக்குப் போனவன், கோபத்தில் துப்பாக்கியைத் தூக்கித் தம்பி கையில் கொடுத்து, "இது துப்பாக்கியே இல்லடா, பொம்மை. வச்சு விளையாடு" என்றேன். அதற்கு முன்னால் அவன் சுடும்போதெல்லாம் நான் பக்கத்தில் நிற்பேன். என் பழைய பவர் கண்ணாடியையாவது மாட்டிக்கொள்ளச் சொல்வேன். அன்றைக்குச் சொல்லவில்லை. பொம்மைக்கு எதற்குக் கண்ணாடி?

பம்ப்செட் தொட்டியின் சிமெண்டு விளிம்பில் கொட்டாங்கச்சியை வைத்துச் சுட்டிருக்கிறான். ஏழெட்டு அடி தூரம். குறி தப்பி, குண்டு சிமெண்டில் பட்டுத் திரும்பி வந்துவிட்டது. கத்தல் கேட்டு ஓடிப்போய்ப் பார்த்தால் இடது கண் முழுக்க ரத்தம். அதைத் துடைக்கிற வரை எனக்கு உயிர் இல்லை. புருவத்துக்கு மேலே தோல் கிழிந்திருந்தது. இரண்டு தையல். டாக்டர் விரலை வைத்துக் காட்டினார். கண்ணுக்கும் காயத்துக்கும் நடுவே ஒரு விரல்கூட இல்லை. சித்தி என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

10.7 ஜூல் என்பது பெட்டியோடு ஒப்பிட்டால் ஏமாற்றம்தான். மனிதத் தோலோடு ஒப்பிட்டால் இல்லை. வினாடிக்கு நூறு மீட்டர் சுற்றி வேகம் இருந்தாலே இந்தக் குண்டு தோலைத் துளைக்கும். எங்கள் துப்பாக்கி அதைப்போல இரண்டு மடங்கு. கண்ணுக்கு அதைவிட எவ்வளவோ குறைந்த வேகமே போதும். இந்தக் கணக்கெல்லாம் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து போட்டேன். முன்னாலேயே போட்டிருக்க வேண்டும். பெட்டி ஒன்றை இரண்டாக்கிச் சொன்னது. நான் அதை சைபராக்கிச் சொன்னேன். தம்பி இரண்டு பேரையும் நம்பினான்.

என் தப்பை நான் கம்பெனி தலையில் கட்டவில்லை. அது என் தப்புதான். ஆனால் பெட்டியில் '10.7 ஜூல்' என்று நேர்மையாகப் போட்டு, பக்கத்தில் 'இந்த ஆற்றல் கண்ணைப் போக்கும்' என்று எழுதியிருந்தால், நான் ஏமாந்தும் இருக்க மாட்டேன், பொம்மை என்று சொல்லியும் இருக்க மாட்டேன். முதல் எண் நிஜமாக இருந்தால்தான் அதன் பக்கத்தில் போடுகிற எச்சரிக்கையை மனிதன் நம்புவான். எல்லாமே பில்டப் என்று தெரிந்த பெட்டியில், 'பாதுகாப்புக் கண்ணாடி அணியவும்' என்பதும் பில்டப் மாதிரியே தெரிகிறது.

மற்ற நாடுகளில் இது பெரிய வித்தை இல்லை. பிரிட்டனில் உரிமம் இல்லாத ஏர் ரைஃபிளுக்கு எல்லை 12 அடி-பவுண்டு, அதாவது 16 ஜூல் சுற்றி. ஜெர்மனியில் 7.5 ஜூல். அதற்குள் இருக்கும் துப்பாக்கியின் மேலேயே ஐங்கோணத்துக்குள் ஓர் எழுத்தைப் பொறித்து விற்கிறார்கள். எல்லாரும் ஆற்றலில் பேசுகிறார்கள். நம் சட்டமும் ஜூலில்தான் பேசுகிறது. பெட்டி மட்டும் அடியில் பேசுகிறது.

நான் கேட்பது நான்கே வரி. சாதாரண ஈயக் குண்டில் எத்தனை ஜூல். அந்தக் குண்டு எத்தனை கிராம். வேகம் எத்தனை மீட்டர். எண்ணெய் அடங்கின பிறகு எத்தனை முறை சுட்டு எடுத்த சராசரி. பெட்டியில் இடமில்லை என்று சொல்ல முடியாது, அந்த மூன்று சைபரை எடுத்தாலே தாராளமாக இடம் கிடைக்கும்.

செய்யாவிட்டால் கேட்கச் சட்டம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்றால் என்ன என்று தெளிவாகச் சொல்கிறது. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் அதில் சேரும். அந்தச் சட்டத்தின் கீழ் 2020இல் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் தடவை பத்து லட்சம் வரை, மறுபடியும் செய்தால் ஐம்பது லட்சம் வரை அபராதம் போடலாம். (இங்கேயும் ஒரு 'வரை' இருக்கிறது, என்ன செய்ய.) குண்டின் எடையைவிட முக்கியமான தகவல் இதில் வேறு எது என்று யாராவது சொல்லுங்கள். களிமண் டப்பாக் கணக்கை அழகாக எழுதி, பில்லோடு சேர்த்து என் புகாரைத் தயார் செய்துவிட்டேன். இதே மாதிரி ஏமாந்தவர்கள் ஒரு டப்பாவும் இரண்டு கயிறும் எடுத்து அளந்து பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு அளங்கள்.

அதுவரைக்கும் என்னால் முடிந்ததைச் செய்திருக்கிறேன். பெட்டி மேல் இருந்த 1000ஐ மார்க்கரால் அடித்துவிட்டு, '0.51 கிராம், 205 மீட்டர், 10.7 ஜூல்' என்று எழுதி வைத்தேன். போன வாரம் ஊருக்குப் போனபோது பார்த்தால், அதற்குக் கீழே தம்பி தன் கோழிக்கிறுக்கல் கையெழுத்தில் எழுதியிருக்கிறான்: 'பொம்மை இல்லை.'

டிஸ்கி: தையல் பிரித்தாகிவிட்டது, தம்பி நலம். துப்பாக்கி சித்தப்பா பீரோவில், சாவி சித்தி இடுப்பில். பொங்கலுக்குக் கேட்டுப் பார்க்கிறோம் :-)